கப்பலோட்டிய தமிழர் காட்டிய வழி



நம்ம புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தூத்துக்குடி. அங்குள்ள துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். அவர் கப்பல் விட்டார், சிறையில் செக்கு இழுத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். சமூக அறிவியலில் இனம், சாதி, பாகுபாடு என்று படிக்கிறோமே, அதற்கும் அவர் வாழ்க்கை ஒரு பாடம்தான்.

வ.உ.சி. 5.9.1872 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை, தாய் பரமாயி அம்மாள். தந்தையைப் போலவே அவரும் வக்கீல் ஆனார். இராமையா தேசிகர் என்ற கண் தெரியாத துறவியைத் தம் வீட்டில் தங்க வைத்தார். தேசிகர் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர் என்று சொந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். வ.உ.சி. அசரவில்லை. அவர் மனைவி வள்ளியம்மாளும் தேசிகருக்குத் தம் கையாலேயே சோறு பரிமாறினார்.

அந்தக் காலத்தில் வெள்ளையர் உயர்ந்த இனம், மற்றவர் தாழ்ந்த இனம் என்ற நினைப்பில்தான் ஆட்சி நடந்தது. அந்த நினைப்பு தப்பு, மனிதர் எல்லாரும் ஒரே இனம்தான் என்று இன்று அறிவியல் சொல்கிறது. அன்று கொழும்புக்குப் போகும் கப்பல் வியாபாரமும் வெள்ளையர் கையில்தான் இருந்தது. அதை உடைக்க 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் வ.உ.சி. தலைவர் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட், இவர் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். வேறு வேறு சாதி, வேறு வேறு மதம், ஆனால் கம்பெனி ஒன்று!

1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. கூட நின்றார். ஊரே சேர்ந்துகொண்டது. வெள்ளையருக்குப் பரிந்து பேசியவர்களுக்குச் சவரம் செய்யக்கூட மாட்டோம் என்று சவரத் தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள்.

அரசு சும்மா விடுமா? அதே மாதம் அவரைக் கைது செய்து, 40 ஆண்டு தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. எல்லாரும் சேர்ந்து கட்டியதை, அவர் இல்லாதபோது யாரும் காப்பாற்றவில்லை. நாம் வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான்.

வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் பறிபோனது. சென்னையில் வறுமையில் வாடினார். பிற்பாடு அந்த உரிமையைத் திரும்பப் பெற உதவியவர் வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்குத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள்! அவர் எதிர்த்தது வெள்ளையரின் ஆதிக்கத்தை. வெள்ளைத் தோலை அல்ல.

18.11.1936 அன்று தூத்துக்குடியில் அவர் மறைந்தார்.

நண்பர்களே, மதியம் சாப்பிடும்போது நாம் எப்படி உட்காருகிறோம்? ஒரே தெருக்காரர் ஒரு பக்கம், மற்றவர் இன்னொரு பக்கம். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, தானாகப் பழகிவிட்டது. நாளைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வள்ளியம்மாள் பரிமாறிய சோற்றை நினைத்துக்கொள்வோம். இடம் மாறி உட்காருவோம். செய்வோமா?