கண்மூடிப் பறந்தவர்

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயேனும் உடைக்காமல் நெடும்பயணம் புறப்படுவோர் திருவனந்தபுரத்தில் குறைவு. அக்கோயிலுக்கு அருகில் தங்கிப் பயிலும் எனக்கு, சங்குமுகத்துப் பக்கமிருந்து இரவில் விமானம் எழும் ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு வினா எழுவதுண்டு. கீழே இருண்ட கடல். மேலே இருண்ட வானம். இரண்டும் கூடும் கோடு தெரியாத அவ்வேளையில் விமானி எதைப் பார்த்து விமானத்தை ஏற்றுகிறார்? விடை தேடியபோது நான் கண்ட பெயர் ஜிம்மி டூலிட்டில். அவர் வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1896ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து அலமீடா நகரில் அவர் பிறந்தார். இளமையில் சில ஆண்டுகள் பனி சூழ்ந்த அலாஸ்காவில் வளர்ந்தார். உருவம் சிறியது, எனினும் குத்துச்சண்டையில் வல்லவர். 1917இல் படிப்பை இடையில் விட்டுப் படையில் சேர்ந்து விமானியானார். 1922இல் ஃபுளோரிடாவிலிருந்து கலிபோர்னியா வரை ஒரே நாளுக்குள் பறந்து புகழ் பெற்றார். அப்புகழோடு அவர் அமைந்துவிடவில்லை. மீண்டும் மாணவரானார், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1925இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்நாளைய விமானிகள் தம் உடலுணர்வையே பெரிதும் நம்பினர். தரை மறைந்தால் அவ்வுணர்வு பொய்க்கும் என்பதை டூலிட்டில் உணர்ந்தார். விமானம் வேகம் பெறும்போது மூக்கு மிகையாக உயர்வது போல் உடல் மயங்கும். அதை நம்பி மூக்கைத் தாழ்த்தினால் முடிவு என்னாகும்?

1929ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த மிட்சல் திடலில் அவர் தம் இருக்கையைத் திரையால் மூடிக்கொண்டார். வெளியுலகம் சிறிதும் தெரியாது. சுழலும் கைரோவால் இயங்கும் செயற்கை அடிவானம், திசை காட்டும் கைரோ, நுண்ணிய உயரமானி, வானொலி அலைக்கேற்ப அதிரும் இரு நாக்குகள் ஆகியவையே துணை. நாக்குகள் இரண்டும் ஒத்து அதிர்ந்தால் வழி சரி. ஒன்று மிகுந்தால் வழி பிசகு. இவற்றை மட்டுமே நோக்கி எழுந்தார், வட்டமிட்டார், இறங்கினார். எல்லாம் 15 நிமிடங்களில் முடிந்தன. முன்னிருக்கையில் காவலுக்கு அமர்ந்த பென் கெல்சி விமானத்தை இயக்கவே இல்லை.

1942 ஏப்ரல் 18இல், கப்பல் தளத்திலிருந்து 16 குண்டு விமானங்களோடு டோக்கியோவைத் தாக்கச் சென்றதால் உலகம் அவரை அறியும். 1993இல், 96ஆம் வயதில் மறைந்தார். ஆயினும் அந்த 15 நிமிடங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்றைய விமானத்தில் செயற்கை அடிவானத்தின் மேல் இரு கோடுகள் தோன்றும். அவற்றைக் காட்டும் அமைப்பே பிளைட் டைரக்டர். அடிவானம் விமானத்தின் நிலையைக் கூறும்; கோடுகள் இனிச் செய்ய வேண்டியதைக் கூறும். ஓடுபாதையில் விரையும்போது விமானியின் கண் பாதையின் மேலேயே இருக்கும். உரிய வேகத்தில் மூக்கை மெல்ல, ஏறத்தாழ 15 பாகை வரை உயர்த்துவார். அதன் பின்னரே கோடுகளைப் பின்பற்றுவார். ஏறுவதற்கு ஏற்ற வேகம் குறையாதபடி அவை வழிகாட்டும். எஞ்சின் ஒன்று நின்றால், மூக்கைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லும்.

வழிகாட்டியும் பிழைபடுமோ? படும். 1978 ஜனவரி முதல் நாள் இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்கு எழுந்த ஏர் இந்தியாவின் அசோகச் சக்கரவர்த்தி விமானம் இரண்டு நிமிடத்துக்குள் அரபிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். தலைமை விமானியின் முன்னிருந்த அடிவானக் கருவி, விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகப் பொய் காட்டியது. அதைத் திருத்த எண்ணி அவர் இடப்புறம் சாய்த்தார். வெளியே பார்த்துத் தெளியலாமென்றால் கடலின் மேல் இருள். ஆனால் அதே அறையில் வேறு அடிவானக் கருவிகளும் இருந்தன! அவற்றைக் கொண்டு விமானத்தை மீட்டிருக்க வேண்டும் என்பதே விசாரணையின் முடிவு.

உடல் பொய்க்கும்போது கருவியை நம்ப வேண்டும். கருவி பொய்க்கும்போது மற்றொரு கருவியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒன்றல்ல, பல கருவிகளைத் தம்முன் வைத்துக்கொண்டு பறந்த டூலிட்டிலின் வாழ்வு இதையே உணர்த்துகிறது. எழும் விமானத்தில் அதற்குக் கிடைக்கும் நேரம் சில நொடிகளே. அந்த நொடிகளுக்காகத்தான் விமானிகள் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் பயிற்சி பெறுகின்றனர். புகழின் உச்சியிலிருந்து வகுப்பறைக்குத் திரும்பிய டூலிட்டிலைப் போல.