கொச்சிக்குத் துறைமுகம் தந்த பிரிஸ்டோ

தொழிற்சாலையில் இயந்திரங்களை எவ்வரிசையில் நிறுத்தினால் பொருள்கள் குறைந்த தூரம் நகரும் என்று கணக்கிடுவதே என் ஆராய்ச்சிப் பாடம். ஒரு பொருள் பட்டறையில் இருக்கும் காலத்தின் பெரும்பகுதி, அது உருமாறுவதில் அன்று, நகர்வதிலும் காத்திருப்பதிலுமே கழிகிறது. காக்கநாட்டு அறையில் இக்கணக்கோடு போராடும்போதெல்லாம் என் நினைவில் எழுபவர் சர் ராபர்ட் பிரிஸ்டோ. அவர் பட்டறையை அன்று, ஒரு துறைமுகத்தையே இம்முறையில் வகுத்தமைத்தார்.

1880இல் இலண்டனில் பிறந்த பிரிஸ்டோ, சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் பிரபு காலத்தில், 1920இல் கொச்சிக்கு வந்தார். அந்நாளில் பெருங்கப்பல்கள் உள்ளே வர இயலாது. காயலின் வாயை மணல்திட்டு அடைத்திருந்தது. கப்பல்கள் வெளிக்கடலில் நிற்கும். சரக்கு தோணியில் இறங்கி, மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளுக்குச் சென்று, மீண்டும் மூட்டையாய் ஏறும். மழைக்காலத்தில் அதுவும் நிற்கும்.

திட்டை வெட்டினால் வைப்பீன் கரையைக் கடல் அரித்துவிடும் என்று பலர் அஞ்சினர். பிரிஸ்டோ அவசரப்படவில்லை. அலைகளையும் மணலின் போக்கையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, கரையைக் காக்கும் வழி கண்ட பின்னரே வெட்டத் தொடங்கினார். 1928 மே 26 அன்று பத்மா என்னும் கப்பல் உள்துறைமுகத்தினுள் நுழைந்தது.

அவர்தம் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. தோண்டிய மண்ணை வீணாகக் கடலில் கொட்டாமல், அருகிலேயே குவித்து ஏறக்குறைய 780 ஏக்கர் நிலம் ஆக்கினார். அதுவே வில்லிங்டன் தீவு. கப்பல்துறை, பண்டகசாலை, சாலை, ரயில் ஆகிய யாவும் அத்தீவில் அருகருகே அமைந்தன. பாலங்கள் தீவைக் கரையோடு பிணைத்தன. பல முறை ஏற்றி இறக்கிய சரக்கு, சில அடிகளில் கைமாறலாயிற்று. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

மனிதரையும் அவர் அருகருகே அமரச் செய்தார். ஆங்கிலேயர் மன்றங்களில் இந்தியருக்கு இடமில்லாத அக்காலத்தில், 1931இல் இருசாராரும் கூடும் லோட்டஸ் மன்றத்தைத் தோற்றுவித்தார். 1941இல் விடைபெற்று, 1966இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

என் பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் மூட்டை சுமந்தவர். துறைமுகம் அவருக்குச் சோறு இட்டது. 2011இல் வல்லார்பாடத்தில் பெட்டகமுனையம் திறக்கப்பட்டது. இன்று அங்கே பாரந்தூக்கிகளே பெட்டகங்களைத் தூக்குகின்றன. தோள்களுக்கு வேலை இல்லை. நான் குறைக்கும் ஒவ்வொரு அடித் தூரமும் ஒருவர் முதுகிலிருந்து இறங்கும் பாரம். அதுவே அவர் கூலியாகவும் இருக்கலாம்.

வெட்டுமுன் கரையின் கதியை எண்ணிப் பார்த்தவர் பிரிஸ்டோ. நாளை பட்டறைகளை வகுக்கப்போகும் நாமும், இயந்திரங்களை நகர்த்துமுன் அங்கே நிற்பவரின் கதியை எண்ணிப் பார்ப்போமாக!