டைபாய்டு மேரி

1906-ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் ஒரு பாங்கர் குடும்பம் வாடகைக்கு எடுத்திருந்த பங்களாவில் டைபாய்டு புகுந்தது. ஆகஸ்ட் 27-லிருந்து ஒரே வாரத்தில், வீட்டிலிருந்த 11 பேரில் 6 பேர் படுத்துவிட்டார்கள். தண்ணீர், பால், சாக்கடை எல்லாவற்றையும் சோதித்தாயிற்று. கோளாறு எதுவும் அகப்படவில்லை. இனி யார் வாடகைக்கு வருவார்கள் என்று கவலைப்பட்ட வீட்டுக்காரர், ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை அழைத்தார்.

சோப்பர் தேதிகளைப் பின்னோக்கி எண்ணினார். டைபாய்டு கிருமி வயிற்றுக்குள் போன மறுநாளே காய்ச்சல் அடிப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரத்துக்கு மேலும், அது சத்தமில்லாமல் உள்ளே பெருகும். பிறகும் திடீரென்று தாக்காது. முதலில் தலைவலி, அசதி, பசியின்மை, லேசான சூடு. அந்தச் சூடு நாளுக்கு நாள் படியேறும். வேலை அலுப்புதான் என்று எண்ணி வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆகவே, படுத்த அன்று சாப்பிட்டதை விசாரித்துப் பயனில்லை. அதற்கு முந்திய வாரங்களில் அந்த வீட்டில் நடந்த முக்கியமான மாறுதல் ஒன்று: ஆகஸ்ட் 4-ஆம் தேதி புதிய சமையற்காரி வந்திருந்தார். நோய் பரவியபின் வேலையை விட்டுப் போயும்விட்டார்.

அவர்தான் மேரி மல்லான். 1869-ல் அயர்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர். கைமணம் உள்ளவர். கொதிக்கும் சூப்பில் கிருமி பிழைக்காது. ஆனால் பச்சையாக நறுக்கிய பீச் பழம் சேர்த்து மேரி செய்யும் ஐஸ்கிரீம் அந்த வீட்டாருக்கு மிகவும் பிடிக்கும்.

மேரி வேலை பார்த்ததாகத் தெரிய வந்த 8 குடும்பங்களில் 7-ல் டைபாய்டு வந்திருந்தது. 1907 மார்ச்சில் சோப்பர் அவரைத் தேடிப்பிடித்து, சோதனைக்கு ரத்தமும் மலமும் சிறுநீரும் கேட்டார். மேரி இறைச்சி குத்தும் முள்கரண்டியை ஓங்கிக்கொண்டு விரட்டினார். டைபாய்டில் படுத்ததாக நினைவே இல்லாத ஒரு பெண்ணிடம் முன்பின் தெரியாத ஆண் இப்படிக் கேட்டால் வேறென்ன நடக்கும்! பிறகு போலீசார் வந்து தூக்கிப் போனார்கள். சோதனையில் கிருமி இருந்தது. நார்த் பிரதர் தீவில் தனியே வைக்கப்பட்டார். 1909-ல் கோர்ட்டுக்குப் போயும் பலனில்லை.

இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910-ல் விட்டார்கள். துணி வெளுக்கும் வேலையில் கூலி குறைவு. வேறு தொழில் யாரும் கற்றுத்தரவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி அடுப்படிக்கே போனார். 1915-ல் நியூயார்க்கில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு கண்டு, 2 பேர் இறந்தார்கள். அங்கே சமைத்தவர் மேரி. இதற்குச் சமாதானம் சொல்வது கடினம்.

மீண்டும் அதே தீவு. 23 ஆண்டுகள் கழித்து, 1938 நவம்பர் 11-ஆம் தேதி அங்கேயே இறந்தார். அதற்குள், நோயின்றியே கிருமியைச் சுமப்பவர்கள் நியூயார்க்கில் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டிருந்தார்கள். அவர்களில் யாரையும் மேரியைப் போல் ஆயுள் முழுக்க அடைத்து வைக்கவில்லை.