பாதியில் நின்ற ஆட்டமும் உரிய பங்கும்

ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய எங்கள் தெருவில், 1970-களின் தொடக்கத்தில், ஒரு பொங்கல் விடுமுறையின்போது சீட்டாட்டப் போட்டி நடந்தது. முதலில் மூன்று ஆட்டங்களை வெல்லும் இணைக்கு 100 ரூபாய் பரிசு. இறுதிப் போட்டியில் என் தந்தையின் இணை இரண்டு ஆட்டங்களையும் எதிர் இணை ஓர் ஆட்டத்தையும் வென்றிருந்த நிலையில் மின்சாரம் நின்றது. நள்ளிரவுவரை வரவில்லை. விடிந்தால் அனைவருக்கும் வேலை. பெரியவர்கள் கூடிப் பேசி, இணைக்கு 50 ரூபாய் என்று பிரித்தனர். தந்தை மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். அது நியாயமா என்ற கேள்வி மட்டும் சிறுவனான என்னிடம் தங்கிவிட்டது.

அதற்கான விடையைப் பொருளியல் ஆய்வு மாணவனாக இருந்தபோது கண்டேன். விடையளித்தவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல்.

பாஸ்கல் 1623 ஜூன் 19 அன்று கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். வரி நிர்வாக அதிகாரியான தந்தை எத்தியேன், மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். ருவான் நகரில் தந்தை வரிக் கணக்குகளோடு மல்லாடுவதைக் கண்ட மகன், 1642-இல், பற்சக்கரங்களால் இயங்கும் கணக்கிடும் இயந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். விலை மிகுதியால் அது அதிகம் விற்கவில்லை. 1648-இல் அவரது வேண்டுகோளின்படி அக்காள் கணவர் பாதரசக் குழாயுடன் மலையேறி, உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதை மெய்ப்பித்தார். அழுத்தத்தை அளக்கும் பன்னாட்டு அலகு இன்று பாஸ்கலின் பெயரால் வழங்குகிறது.

1651-இல் தந்தை மறைந்தார். தங்கை ஜாக்லின், துறவு பூண்டு போர்ட் ராயல் மடத்தில் சேர்ந்தார். சொத்தில் தமக்குரிய பங்கை மடத்துக்கு அளிக்க அவர் விரும்பியபோது பாஸ்கல் முதலில் இசையவில்லை. மனக்கசப்புக்குப் பின்னரே இணங்கினார். பங்கு பிரிப்பதன் வலியை அவர் தம் வீட்டிலேயே அறிந்திருந்தார்.

1654-இல் செவாலியே தெ மேரே என்ற நண்பர் ஒரு பழைய புதிரை அவர்முன் வைத்தார். பணயம் வைத்து ஆடும் இருவர் ஆட்டத்தை இடையில் நிறுத்த நேர்ந்தால் பணத்தை எப்படிப் பிரிப்பது? இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி 1494-இல் வெளியிட்ட நூலில், வென்ற ஆட்டங்களின் விகிதப்படி பிரிக்கச் சொல்லியிருந்தார். ஒரே ஓர் ஆட்டம் முடிந்த நிலையில் நின்றால் முழுப் பணமும் ஒருவருக்கே போய்விடுமே என்று பின்னர் வந்த தர்த்தாலியா குறை கண்டார்.

பாஸ்கல் துலூஸ் நகரின் பெர்மாவுடன் கடிதங்கள் வழியே இதை ஆராய்ந்தார். மூன்று ஆட்டம் வெல்ல வேண்டிய போட்டியில் ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று வென்றிருக்கிறார். பணயம் 64 காசுகள் என்று கொண்டார். அடுத்த ஆட்டத்தை முன்னிலையில் இருப்பவர் வென்றால் 64-ம் அவருக்கே. தோற்றாலோ இருவரும் சமநிலை; ஆளுக்கு 32. ஆக, 32 காசுகள் அவருக்கு எப்படியும் உறுதி. எஞ்சிய 32-இல் இருவருக்கும் சம வாய்ப்பு. அதில் பாதி 16. எனவே அவருக்கு 48, மற்றவருக்கு 16. நடந்து முடிந்ததை எண்ணுவதை விட்டு, நடக்கவிருந்ததை எண்ணினார் பாஸ்கல். ஹைகன்ஸ் 1657-இல் இச்சிந்தனையை நூலாக்கினார். இன்றைய காப்பீட்டுக் கணிதம் இந்த விதையிலிருந்து வளர்ந்ததே.

அதே 1654 நவம்பரில் நேர்ந்த ஓர் ஆன்மிக அனுபவம் பாஸ்கலைச் சமயத்தின்பால் திருப்பியது. ஆயினும் கணிதம் அவரை விடவில்லை. 1658-இல், உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் வளைகோடு குறித்து, தம் பெயரை மறைத்து ஒரு போட்டி அறிவித்தார். பரிசு 40, 20 பொற்காசுகள். இங்கிலாந்தின் வாலிஸ் உள்ளிட்டோர் விடை அனுப்பினர். எவருக்கும் பரிசில்லை என்று முடிவாயிற்று. பின்னர் பாஸ்கல் தம் விடைகளையே வெளியிட்டார். மனக்கசப்பு மிஞ்சியது. பங்கீட்டுக்கு நெறி கண்டவர், தாம் நடத்திய போட்டியில் எல்லோரையும் நிறைவு செய்ய முடியவில்லை.

1662 மார்ச்சில், பாரிஸில் குறித்த வழித்தடத்தில் ஐந்து சோல் கட்டணத்தில் ஓடும் பொதுக் குதிரை வண்டிகளை நண்பர்களுடன் தொடங்கினார். உடலுழைப்பாளர் அவற்றில் ஏறலாகாது என்று பாரிஸ் நீதிமன்றம் விதித்தது ஒரு களங்கம். பஞ்சத்தில் வாடிய ப்ளுவா பகுதி ஏழைகளுக்கு அனுப்புவதற்காக, தமக்கு வரவிருந்த இலாபப் பங்கின்மீது முன்பணம் கேட்டார் பாஸ்கல். இனி வரப்போவதற்கும் இன்று ஒரு மதிப்புண்டு என்ற தம் கணக்கை அறத்துக்குப் பயன்படுத்த முயன்றார் எனலாம். தம் வீட்டில் தங்கியிருந்த ஏழைக் குடும்பத்தின் குழந்தைக்கு அம்மை கண்டபோது, அவர்களை வெளியேற்றாமல் தாமே அக்காள் வீட்டுக்குச் சென்றார். அங்கேயே ஆகஸ்ட் 19 அன்று, 39 வயதில் மறைந்தார்.

அவர் கணக்குப்படி அன்றிரவு என் தந்தையின் இணைக்கு உரியது 75 ரூபாய். இதை விளக்கியபோது தந்தை அந்த 25 ரூபாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் அவர் வேலை பார்த்த பட்டறை, அவர் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய நிலையில் மூடப்பட்டிருந்தது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணியைக் கேட்டது. எனவே பணிக்கொடை இல்லை. அந்தக் கணக்கையும் இப்படிப் போட முடியுமா என்று மட்டும் கேட்டார்.

போட முடியும் என்பதே என் விடை. சீட்டாட்டத்தை நிறுத்தியது மின்சாரம். அதில் எவர் குற்றமும் இல்லை. பட்டறையின் ஆட்டத்தை நிறுத்தியது ஒரு தரப்பு. நிறுத்தியவரே நிறுத்தத்தால் இலாபம் அடைவது எந்தப் பங்கீட்டு நெறிக்கும் ஒவ்வாது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, குறித்த காலப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டு நிபந்தனையின்றி விகிதப்படி பணிக்கொடை வழங்க வழிசெய்திருப்பது வரவேற்கத்தக்கது. ஐந்தாண்டு நிறைவதற்குள் வெளியேற்றப்படும் ஏனைய தொழிலாளர்களுக்கும் அந்த நெறி எட்ட வேண்டும். நான்கு ஆண்டு உழைப்பின் பங்கு சுழியம் என்று சொல்லும் விதியைப் பாஸ்கல் கணக்கென்று ஏற்றிருக்கமாட்டார்.