அரவிந்தர் துறந்த உத்தியோகம்

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தவர்கள் நாம். காவிரிக் கரையையும் தாமிரபரணிக் கரையையும் விட்டு, விசுவாமித்திரி ஆற்றங்கரையிலுள்ள இவ் வடோதரா நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், பெரும்பாலோர் கூறும் காரணம் ஒன்றே: இங்கே வேலை கிடைத்தது. மாதச் சம்பளத்தின் அருமையை நம்மைப்போல் உணர்ந்தவர் மிகச் சிலரே. ஆதலால், நல்ல ஊதியம் தரும் பதவியை ஒருவர் தாமாகவே உதறினார் என்று கேள்வியுற்றால், அவரை வியப்பதற்கு முன்னரே அவர் வீட்டாரை எண்ணி நம் மனம் கலங்குகிறது. அவருடைய மனைவி அதற்கு இசைந்தாரா என்பதே நம்முள் எழும் முதல் வினா.

அவ் வினாவை மனத்திற்கொண்டு, இதே நகரில் பதின்மூன்று ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, பின்னர் நாம் விட்டுவந்த தமிழ் மண்ணுக்குச் சென்று அங்கேயே மறைந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இம் மலரில் நினைவுகூர விழைகிறோம். அவரே அரவிந்த கோஷ். தாண்டியா பஜாரில் அவர் குடியிருந்த இல்லத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். அவர் கற்பித்த பரோடாக் கல்லூரியின் பெருங் குவிமாடம் இன்று பல்கலைக்கழகக் கட்டடமாக நம் கண்முன் நிற்கிறது.

அரவிந்தர் 1872 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணதன கோஷ் அரசாங்க மருத்துவர்; ஆங்கில நாகரிகத்தில் தோய்ந்தவர். தம் மக்கள் இந்தியச் சிவில் சர்வீசில் அமர்ந்து அதிகாரம் செலுத்தவேண்டும் என்பதே அவரது பெரு விருப்பம். ஆகவே, ஏழு வயதுச் சிறுவனான அரவிந்தரையும் அவருடைய தமையன்மாரையும் 1879 இல் இங்கிலாந்திற்கு அழைத்துச்சென்று அங்கேயே விட்டுவந்தார். மான்செஸ்டரிலும் இலண்டன் புனித பால் பள்ளியிலும் பயின்ற அரவிந்தர், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1890 இல் ஐ. சி. எஸ். தேர்வில் பதினொன்றாம் இடம் பெற்றார். எஞ்சியிருந்தது குதிரையேற்றத் தேர்வு ஒன்றுதான். பலமுறை அழைக்கப்பட்டும் அதற்கு அவர் செல்லவில்லை. கைக்கெட்டிய பதவி அதனால் வாய்க்கெட்டாமற் போயிற்று. அன்னிய அரசின் அதிகாரியாக வாழ அவருக்கு விருப்பமில்லை. அதனை வெளிப்படையாக மறுத்துத் தந்தையின் மனத்தைப் புண்படுத்தவும் துணிவில்லை போலும். தேர்வுக்குச் செல்லாமையே அவர் மறுப்பாயிற்று.

இதனையடுத்து நேர்ந்தது பெருந் துயரம். மகன் ஊர் திரும்புவதாக நம்பிய கப்பல் போர்ச்சுகல் கரையருகே மூழ்கியது என்ற செய்தி தந்தையை எட்டியது. அவ் வதிர்ச்சியிலேயே 1892 டிசம்பரில் அவர் உயிர் நீத்தார். மகனோ அக் கப்பலில் ஏறவேயில்லை. வேறொரு கப்பலிற் புறப்பட்டு 1893 பிப்ரவரியில் பம்பாய்க் கரை சேர்ந்தார்.

இலண்டனில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவரைச் சந்தித்து, மாதம் 200 ரூபாய் ஊதியத்தில் தம் அரசுப் பணிக்கு எடுத்திருந்தார். நில அளவைத் தீர்வுப் பகுதி, வருவாய்ப் பகுதி, அரசுச் செயலகம் என்று இலாகாக்கள் மாறின. கோப்புகளைப் புரட்டுவதிலும் மன்னருக்குச் சொற்பொழிவுகள் எழுதித் தருவதிலும் அவர் உள்ளம் ஈடுபடவில்லை. வங்காளியையும் வடமொழியையும் தாமே முயன்று கற்பதிலும், கவிதை புனைவதிலும், நாட்டு விடுதலையைப் பற்றிச் சிந்திப்பதிலுமே அது தோய்ந்து கிடந்தது. பின்னர்க் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியரானபோது சற்றே ஆறுதல் கிடைத்தது. துணை முதல்வராக உயர்ந்தார்; 1905 இல் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். ஊதியம் 700 ரூபாயைக் கடந்தது. அந் நாளில் அது சிறு செல்வர் ஒருவரின் வருவாய்க்கு ஒப்பாகும்.

இதற்கிடையே, 1901 ஏப்ரலில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் மிருணாளினி, பூபாலசந்திர போசு என்னும் அரசாங்க அதிகாரியின் மூத்த மகள். கல்கத்தாவில் பிரம்ம சமாஜப் பெண்கள் பள்ளியிற் படித்தவர். மணமகனுக்கு வயது 28, மணமகளுக்கு 14. அரச உத்தியோகம் பார்க்கும், இங்கிலாந்திற் கற்ற மாப்பிள்ளைக்கு மகளைக் கொடுத்த பெற்றோர் என்னென்ன எதிர்பார்த்திருப்பர் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அம்மையார் சில காலம் பரோடாவிலும், பல காலம் தந்தையார் வீட்டிலுமாக வாழ்ந்தார்.

1905 இல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். அவ் வாண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள், பரோடாவிலிருந்து அரவிந்தர் தம் மனைவிக்கு வங்க மொழியில் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். தம்மை மூன்று பித்துகள் பற்றியிருப்பதாக அதிற் கூறினார். தம் அறிவும் வருவாயும் இறைவனுடையவை, குடும்பத்துக்கு இன்றியமையாதது போக எஞ்சியது பிறர்க்கே உரியது என்பது முதலாவது. எவ்வாறாயினும் இறைவனை நேரிற் காணவேண்டும் என்பது இரண்டாவது. நாட்டை வெறும் மண்ணாகக் கருதாமல் தாயாகக் கருதி, அவளை மீட்க வேண்டும் என்பது மூன்றாவது. உலகம் இத்தகையோனைப் பைத்தியக்காரன் என்றே சொல்லும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மனைவி தம்முடன் இவ் வழியில் வரவேண்டும் என்று வேண்டினார். பிறர் சொற்கேட்டு மனந் தளர்வது அவர் இயல்பில் உள்ள குறை என்று கடிந்தும் கொண்டார்.

இக் கடிதத்தை இருவிதமாகப் படிக்கலாம். தம் உள்ளத்தை மறைக்காமல், வேலையை விடுவதற்கு முன்னரே மனைவியிடம் திறந்து காட்டிய நேர்மை இதில் உண்டு. அன்று தந்தையிடம் வாய்திறவாமல் பதவியை நழுவவிட்ட இளைஞரைவிட, இன்று மனைவிக்கு எழுதும் இவ் வரவிந்தர் ஒருபடி உயர்ந்தவரே. ஆயினும், முடிவை முன்னரே செய்துகொண்டு இசைவை மட்டும் கேட்டார் என்பதையும் நாம் மறைக்கலாகாது. கடிதத்தைப் பெற்றவர் பதினெட்டே வயதான பெண். தம் வீடு, தம் கணவர், ஒரு நிலையான வாழ்வு ஆகியவற்றை விரும்பிய அப் பெண்ணின் கலக்கத்தைத் தளர்ச்சி என்று கூறுவது எளிது. ஆனால் அவர் அஞ்சியவற்றில் ஒன்றேனும் பொய்யாகவில்லை.

1906 இல் அரவிந்தர் ஊதியமில்லாத ஓராண்டு விடுப்புப் பெற்றுக் கல்கத்தா சென்றார். விடுப்பு முடிந்தும் இங்கே பணிக்குத் திரும்பவில்லை. புதிதாகத் தோன்றிய வங்காள தேசியக் கல்லூரியின் முதல்வராக மாதம் 150 ரூபாய் பெற்றார். பழைய வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! வந்தே மாதரம் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைகள் நாட்டையே எழுப்பின. 1907 இல் அவர்மீது அரசு வழக்கும் வந்தது. மனைவியிடம் வருவதாகச் சொல்லியிருந்த நாளில் வர இயலாமற் போனதற்கு விளக்கம் கூறி, 1908 பிப்ரவரியில் அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அவருக்கு ஓய்வில்லை, அம்மையாருக்கோ காத்திருப்பதன்றி வேறு வேலையில்லை.

1908 மே 2 ஆம் நாள் விடியற்காலையில், கல்கத்தா கிரே தெரு வீட்டினுள் போலீசார் புகுந்து அரவிந்தரைக் கைது செய்தனர். அன்று மிருணாளினி தேவியாரும் அவ் வீட்டில் இருந்தார். வீடு முழுவதும் சோதனையிடப்பட்டது. கணவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களும் அகப்பட்டு, அலிப்பூர் வழக்கில் நீதிமன்றச் சான்றுகளாயின. ஒரு குடும்பத்தின் மனத்தாங்கல் ஊரறியப் படிக்கப்பட்டது. இதனினும் கொடிய தண்டனை ஓர் இல்லத்தரசிக்கு வேறென்ன வேண்டும்?

ஓராண்டு விசாரணைக் கைதியாய் இருந்த அரவிந்தருக்காக வாதாடியவர் சித்தரஞ்சன் தாஸ். வழக்குச் செலவுக்குப் பொருளில்லை; தங்கை சரோஜினி நாட்டு மக்களிடம் நன்கொடை வேண்டி அறிக்கை விடுத்தார். நீதிபதியாய் அமர்ந்தவர் பீச்கிராப்ட். 1890 இல் அதே ஐ. சி. எஸ். தேர்வை எழுதியவர். கிரேக்க மொழியில் அன்று முதலிடம் பெற்றவர் குற்றவாளிக் கூண்டிலும், இரண்டாமிடம் பெற்றவர் நீதிபதி ஆசனத்திலும் இருந்த காட்சியை எண்ணிப் பார்க்கிறோம். குதிரையேறச் சென்றிருந்தால் இவரும் அத்தகைய ஆசனம் ஒன்றில் அமர்ந்திருப்பார். 1909 மே 6 ஆம் நாள் அரவிந்தர் விடுதலை பெற்றார்.

மறு ஆண்டு அவர் சந்திரநாகூருக்கும், அங்கிருந்து கடல்வழியாகப் புதுச்சேரிக்கும் சென்றார். 1910 ஏப்ரல் 4 ஆம் நாள் அங்கே இறங்கிய அவருக்குத் தமிழர்கள் தங்குவதற்கு இடமளித்தனர். மகாகவி பாரதியாரும் வ. வே. சு. ஐயரும் அவருக்கு நண்பராயினர். நம் மொழியையும் அவர் ஓரளவு கற்று, ஆழ்வார் பாசுரங்கள் சிலவற்றை ஆங்கிலமாக்கினார். அதே புதுச்சேரியில் வறுமையோடு போராடி இல்லறம் நடத்திய செல்லம்மாளின் பாட்டைத் தமிழராகிய நாம் அறிவோம். செல்லம்மாள் கணவருடன் இருந்தேனும் துன்புற்றார். மிருணாளினி தேவியாருக்கு அதுவும் வாய்க்கவில்லை. தந்தையார் வீட்டில் ஷில்லாங்கிலும் ராஞ்சியிலும் நோன்பிருப்பவர் போல் எட்டாண்டுகள் கழித்தார். அன்னை சாரதாமணி தேவியாரிடம் பக்தி கொண்டு மன ஆறுதல் தேடினார்.

1918 இறுதியில் கணவரிடம் செல்லும் நல்வாய்ப்பு ஒருவாறு அமைந்தது. புதுச்சேரிப் பயணத்திற்காக அம்மையார் கல்கத்தா வந்தார். அப்பொழுது உலகெங்கும் பரவியிருந்த இன்புளுயன்சா காய்ச்சல் அவரையும் பற்றியது. டிசம்பர் 17 ஆம் நாள், 31 ஆம் வயதில் அவர் மறைந்தார். மணவாழ்க்கை பதினேழு ஆண்டுகள் நீடித்தது. இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலமோ அதில் ஒரு சிறு பகுதியே. அரவிந்தர் 1950 டிசம்பர் 5 ஆம் நாள் வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்து, யோகியாகவும் அறிஞராகவும் உலகப் புகழ் எய்தினார்.

அரவிந்தர் பரோடா உத்தியோகத்தைத் துறந்தது சரியா என்று இன்று எவரும் கேட்பதில்லை. அவர் துறந்திராவிடில் நாட்டு விடுதலை வரலாற்றில் ஓர் ஏடு குறைந்திருக்கும். ஆயினும் அவர் விட்ட எழுநூறு ரூபாயைப் பற்றிப் பேசும்போது, அதன் விலையை உடனிருந்து செலுத்தியவர் யார் என்பதையும் சேர்த்துப் பேசுவதே நியாயம். கணவர் தாமே தேர்ந்த வழியில் நடந்தார். மனைவியோ தாம் தேராத வழியில் நடந்தார். இவ்விரண்டில் எது அரிது என்று எங்களால் துணிந்து கூற இயலவில்லை.

நம்மிலும் மனம் ஒவ்வாத வேலையில் நாள்தோறும் நைந்துகொண்டிருப்போர் உண்டு. விட்டுவிடத் துடிக்கும் கணவரும், வேண்டாமென்று தடுக்கும் மனைவியும், அவ்வாறே மனைவி துடிக்கக் கணவர் தடுக்கும் இல்லங்களும் உண்டு. தடுப்பவரைக் கோழையென்று எண்ணிவிடலாகாது. குடும்பத்தின் நாளைய உணவையும் பிள்ளைகளின் படிப்பையும் அவர் எண்ணிப் பார்க்கிறார். துடிப்பவரைப் பொறுப்பற்றவர் என்றும் எண்ணலாகாது. உயிர் வாடும் வாட்டத்தை அவர் ஒருவரே அறிவார். ஆகவே, முடிவைச் செய்துகொண்டு இசைவைக் கேளாமல், இசைவைத் தேடிக்கொண்டே முடிவைச் செய்வதே இல்லறத்துக்குரிய நெறி எனத் தோன்றுகிறது.

தாண்டியா பஜார் வழியே செல்லும்போது அவ் வீட்டின் முன் ஒரு நொடி நிற்போமாக. அங்கே வாழ்ந்த பெரியாரை வணங்குவோம். சிறிது காலமே அங்கே வாழ்ந்து, நெடுங்காலம் காத்திருந்த மிருணாளினி தேவியாரையும் மறவாமல் வணங்குவோம்.