தைப்பூச விடுமுறை போன ஆண்டில் தொழிலமைச்சராக இருந்தவர்

தை மாதம் பிறந்துவிட்டால் சிங்கப்பூர்த் தமிழர்களிடையே ஒரு பேச்சு தவறாமல் எழும். ஜோகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தைப்பூசத்துக்கு விடுமுறை இருக்கிறது, இங்கு ஏன் இல்லை? சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் காவடி எடுத்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை நடப்பவர்களில் பலர், அலுவலகத்தில் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான்.

ஒரு காலத்தில் இங்கும் அது பொது விடுமுறையாகவே இருந்தது. 1968ல் அது பட்டியலிலிருந்து போனது. அந்த ஆண்டில் தொழிலமைச்சராக இருந்தவர் ஒரு தமிழர், அதுவும் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. அவர் எஸ். ராஜரத்தினம்.

பள்ளிப் பிள்ளைகள் தினமும் சொல்லும் பற்றுறுதியை 1966ல் எழுதியவர், நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர், 1967ல் பேங்காக்கில் ஆசியான் பிறந்தபோது கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. 1968 முதல் 1971 வரை வெளியுறவோடு தொழிலமைச்சையும் அவர் சேர்த்துச் சுமந்த கதைக்கு அங்கே அதிக இடமில்லை. சாதாரணத் தமிழ்க் குடும்பங்களின் அடுப்படி வரை வந்து தொட்டது அந்தக் கதைதான்.

ராஜரத்தினம் 1915 பிப்ரவரி 25ஆம் தேதி யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தார். கைக்குழந்தையாகவே மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தை சின்னத்தம்பி சிரம்பான் வட்டாரத்தில் ரப்பர் தோட்ட மேற்பார்வைப் பணியில் இருந்தார். சிரம்பான் செயிண்ட் பால்ஸ், கோலாலம்பூர் விக்டோரியா, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் என்று பள்ளிப்படிப்பு நகர்ந்தது. பிறகு சட்டம் படிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். போரில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் வீட்டிலிருந்து வந்த பணம் நின்றது. பேனாவைப் பிழைப்பாக்கிக்கொண்டு சிறுகதையும் கட்டுரையும் எழுதினார். சட்டப் படிப்பை முடிக்கவில்லை. ஹங்கேரியப் பெண் பிரோஸ்காவை மணந்துகொண்டு போருக்குப் பின் திரும்பியவர், பத்திரிகையாளராகவே பெயர் எடுத்தார். 1954ல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1959ல் கம்போங் கிளாம் தொகுதியில் வென்று கலாசார அமைச்சரானார். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அந்தத் தொகுதியை 1988 வரை வேறெவருக்கும் விடவில்லை.

1968 ஜனவரியில் இடி விழுந்தது. தன் படைத்தளங்களை 1971க்குள் மூடப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக வேலை பார்த்தனர். அங்குள்ள புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயமே கடற்படைத் தள ஊழியர்கள் எழுப்பியதுதான். தந்தையும் மகனும் ஒரே தளத்தில் சம்பளம் வாங்கிய வீடுகளில், இரண்டு சம்பளமும் ஒன்றாக நிற்கும் நிலை வந்தது.

ஏப்ரலில் பொதுத்தேர்தல் நடந்தது. 58 தொகுதிகளையும் மக்கள் செயல் கட்சியே வென்றது. எதிர்க்கட்சியே இல்லாத அந்த நாடாளுமன்றத்தில் புதிய தொழிலமைச்சர் ராஜரத்தினம் வேலை நியமனச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆகஸ்டில் அது நடப்புக்கு வந்தது.

சட்டம் கசப்பானது. வாரத்துக்கு 44 மணி நேர வேலை பொது அளவாகியது; அதுவரை 39 மணி நேரம் வேலை பார்த்த எழுத்தர்களுக்கு அது கூடுதல் சுமை. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு 28 நாளிலிருந்து 14 நாளாகியது. மூன்றாண்டுகூட வேலை பார்க்காதவர் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட தொழிலுறவுச் சட்டம், ஆளெடுப்பு, பதவி உயர்வு, பணிநீக்கம் போன்றவற்றில் தொழிற்சங்கம் பேரம் பேசும் உரிமையை எடுத்துவிட்டது. முதலாளிகள் இங்கு வந்து ஆலை தொடங்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்பது அரசாங்கத்தின் கணக்கு.

பொது விடுமுறைகளும் 11 ஆகச் சுருங்கின. எல்லாச் சமயத்தாரும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டனர். கிறிஸ்துவர்கள் புனித வெள்ளியையும் கிறிஸ்துமசையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டனர். இந்துக்களுக்கு முன் இருந்தவை தீபாவளியும் தைப்பூசமும். தீபாவளியைத் தேர்ந்தெடுத்தனர். முடிவு ஒரு தனி அமைச்சருடையது அன்று. அமைச்சரவையும் சமய அமைப்புகளும் அதில் இருந்தன. ஆனாலும் தொழிலமைச்சராக அந்தச் சட்டத்துக்கு முகம் கொடுத்தவர் ராஜரத்தினம். சிரம்பானிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் தைப்பூசம் எப்படிப்பட்ட நாள் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

பலன் கிடைத்ததா? 1961ல் 116 வேலைநிறுத்தங்கள் நடந்த ஊரில் 1969ல் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆலைகள் வந்தன. கடற்படைப் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறிப் பலருக்குத் தொடர்ந்து சோறு போட்டது. இருந்தும் எல்லாரும் தங்கிவிடவில்லை. குடியுரிமை எடுக்காமல் இருந்த தள ஊழியர் பலர், கைக்கு வந்த பணிக்கொடையோடு ஊருக்குத் திரும்பினர். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய்வந்த ரஜூலா கப்பல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வேலை பெருகியதைச் சொல்லும் வரலாறுகள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரி போதாது.

தமிழர்களுக்கென்று அவர் தனியாக எதையும் கேட்டதில்லை என்ற மனக்குறை சிலருக்கு உண்டு. இனம், மொழி, சமயம் பாராத ஒரே மக்கள் என்று பற்றுறுதியில் எழுதியவர், அதைத் தன் இனத்துக்கும் விலக்கின்றிப் பொருத்தினார் என்று சொல்பவர்களும் உண்டு. 1968ஐ வைத்துப் பார்த்தால் இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது.

1980ல் இரண்டாம் துணைப் பிரதமரானார், 1985ல் மூத்த அமைச்சரானார், 1988ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே பிரோஸ்கா காலமானார். பிள்ளைகள் இல்லை. நினைவு மங்கும் நோய் மெல்ல மெல்ல அவரைச் சூழ்ந்தது. வாழ்நாளெல்லாம் எழுத்தையும் பேச்சையும் நம்பியிருந்தவர், கடைசி ஆண்டுகளில் பேச்சிழந்து சான்சரி லேன் வீட்டில் இருந்தார்.

2006 பிப்ரவரி 22ஆம் தேதி, 90வது வயதில் அவர் காலமானார். அவ்வாண்டின் காவடிகள் சிராங்கூன் சாலையைக் கடந்து சில நாள்களே ஆகியிருந்தன. எஸ்பிளனேட் அரங்கில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு பிப்ரவரி 25ஆம் தேதி நடந்தது. அவருடைய 91வது பிறந்தநாள் அது.