அக்னர் கிராருப் எர்லாங்

அக்னர் கிராருப் எர்லாங் (சனவரி 1, 1878 – பெப்ரவரி 3, 1929) டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளரும் பொறியாளரும் ஆவார். வரிசைக் கோட்பாடு, தொலைபேசிப் போக்குவரத்துப் பொறியியல் ஆகிய இரு துறைகளுக்கும் அடித்தளமிட்டவர் இவரே. அளவான வளம் ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது எத்தனை பேருக்கு இடம் கிடைக்காது, எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பவற்றை முன்கூட்டியே கணக்கிடலாம் எனக் காட்டியது இவரது முதன்மைப் பங்களிப்பாகும். தொலைபேசி இணைப்பகங்களுக்காக இவர் கண்ட முறைகள் பின்னர் செல்பேசி வலையமைப்புகளுக்கும் கணினி வழங்கிகளுக்கும் பயன்பட்டன.

இளமையும் கல்வியும்

எர்லாங் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் உள்ள லோன்போர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஆன்சு நீல்சன் எர்லாங் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். தாய் மக்தலேனா கிராருப், சமயகுருமார் பலரைக் கொண்ட குடும்பத்தில் வந்தவர். அண்ணன் பிரெதரிக் படிக்கும் நூலை எதிர்ப்புறம் அமர்ந்து தலைகீழாகவே படிப்பது எர்லாங்கின் சிறுவயதுப் பொழுதுபோக்காக இருந்தது. வானியலிலும் இவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது.

14ஆம் வயதில் தனி அனுமதி பெற்று கோபனேகன் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலைத் தேர்வை எழுதிச் சிறப்புடன் தேறினார். பின்னர் தந்தையின் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் கற்பித்தார். 1896இல் உதவித்தொகையுடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1901இல் கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஏழு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

தொலைபேசி நிறுவனத்தில்

டென்மார்க் கணிதச் சங்கத்தின் கூட்டங்களில் எர்லாங்குக்கு யோகான் யென்சன் அறிமுகமானார். யென்சன் சமனின்மை இவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கோபனேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த யென்சன், எர்லாங்கை நிறுவன இயக்குநர் யோகான்சனிடம் அறிமுகப்படுத்தினார். 1908இல் எர்லாங் அந்நிறுவனத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வுக்கூடத் தலைவரானார்.

இவரது பணி ஏட்டுக் கணக்கோடு நிற்கவில்லை. தொலைபேசிக் கம்பிவடங்களில் ஏற்பட்ட கசிவு மின்னோட்டத்தை அளக்க, ஏணி சுமந்த பணியாளர் ஒருவருடன் கோபனேகன் தெருக்களில் நிலத்தடி ஆள்நுழைகுழிகளில் தாமே இறங்கி அளவெடுத்தார்.

1909ஆம் ஆண்டு ஆய்வு

ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பேசப்போவதில்லை என்பதால், சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் தனித்தடம் அமைப்பது வீண்செலவு. தடங்களை மிகவும் குறைத்தாலோ அவசர அழைப்பும் தட்டுப்படும். எத்தனை தடங்கள் போதும் என்பதே அக்காலத் தொலைபேசி நிறுவனங்களின் முன்னிருந்த கேள்வி.

ஒன்றையொன்று சாராமல் வரும் அழைப்புகளின் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது என்பதை எர்லாங் 1909இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். ஒரே தடத்தில், உரையாடல்கள் சம நீளமுடையவை எனக் கொண்டு, காத்திருக்கும் நேரத்தையும் ஆராய்ந்தார். தடம் பாதி நேரம் பயன்பாட்டில் இருந்தால், சராசரிக் காத்திருப்பு ஓர் உரையாடலின் நீளத்தில் பாதியாக இருக்கும். பயன்பாடு 90 விழுக்காடானால் அது நான்கரை மடங்காகும். 95 விழுக்காடானால் ஒன்பதரை மடங்காகும். அதாவது, தாமதம் குறைய வேண்டுமானால் வளத்தின் ஒரு பகுதி ஓய்வாக இருந்தே ஆகவேண்டும்.

1917ஆம் ஆண்டு வாய்பாடுகள்

தானியங்கி இணைப்பகங்களைப் பற்றி 1917இல் வெளியிட்ட கட்டுரையில் இரு வாய்பாடுகளை எர்லாங் தந்தார். இடமில்லாத அழைப்பு கைவிடப்படும் அமைப்புக்கு உரியது எர்லாங் பி வாய்பாடு. அழைப்பு வரிசையில் காத்திருக்கும் அமைப்புக்கு உரியது எர்லாங் சி வாய்பாடு. பிரித்தானிய அஞ்சல் துறையும் இவரது முறையை ஏற்றுப் பயன்படுத்தியது.

எடுத்துக்காட்டாக, சராசரியாக 3 நிமிடம் நீளும் 200 அழைப்புகள் ஒரு மணி நேரத்தில் வருவதாகக் கொள்வோம். இவற்றின் மொத்தப் பேச்சு நேரம் 10 மணி. இதற்கு 10 தடங்கள் போதும் எனத் தோன்றினாலும், பி வாய்பாட்டின்படி 21 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட அழைப்புகள் இடமின்றிப் போகும். தடங்களை 15 ஆக்கினால் இழப்பு சுமார் 3.7 விழுக்காடாகக் குறையும். இத்தகைய இரு குழுக்களை இணைத்து 30 தடங்களைப் பொதுவாக்கினால், தடம் ஒன்றுகூடக் கூட்டாமலே இழப்பு 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும்.

கம்பியில்லா வலையமைப்புகளில்

குரல் அழைப்புகளுக்கான செல்பேசிக் கோபுரங்களில் எத்தனை அலைத்தடங்கள் வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் எர்லாங் பி வாய்பாட்டைக் கொண்டே கணக்கிட்டனர். 21ஆம் நூற்றாண்டில் செல்பேசிகளும் வாகனங்களும் உணரிகளும் தம் கணிப்பு வேலைகளைக் கம்பியில்லா வலையமைப்பின் வழியே வழங்கிகளுக்கு அனுப்பத் தொடங்கின. இங்கு ஒவ்வொரு வேலையும் அலைத்தடத்துக்கு ஒருமுறை, வழங்கியில் செயலிக்கு மறுமுறை என இரு வரிசைகளில் காத்திருக்க நேர்கிறது. ஒன்றில் வளத்தைக் கூட்டி மற்றதை நெருக்கடியில் விட்டால் மொத்தத் தாமதம் குறையாது.

வழங்கிகளை எங்கு வைப்பது என்பதும் எர்லாங்கின் கணக்கோடு தொடர்புடையதே. வழங்கிகளைத் தொலைவிலுள்ள ஒரே நடுவத்தில் சேர்த்தால், மேற்கண்ட 30 தடங்களைப் போல, காத்திருப்பு குறையும். ஆனால் ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டரே செல்வதால், 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நடுவத்துக்குப் போய்வருவதற்கே 10 மில்லிநொடிகள் ஆகும். கோபுரத்தின் அருகிலேயே வழங்கியை வைக்கும் விளிம்புக் கணிமையில் இப்பயணநேரம் மிச்சமாகிறது. ஆனால் வளம் சிறு சிறு குழுக்களாகப் பிரிவதால் பகிர்வின் பயன் குறைகிறது.

இவ்வாய்பாடுகளுக்கு எல்லை உண்டு. கணினி வலையமைப்புகளில் தரவு விட்டுவிட்டுப் பெருந்திரளாக வருகிறது என்றும், பாய்சான் பரவல் அதற்குப் பொருந்தவில்லை என்றும் பெல்கோர் ஆய்வாளர்களின் அளவீடுகள் 1990களின் முற்பகுதியில் காட்டின. எனவே தரவுப் போக்குவரத்துக்கு வேறு மாதிரிகளும் தேவைப்பட்டன.

தனிவாழ்வும் மறைவும்

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊதியத்தின் ஒரு பகுதியை நூல்கள் வாங்கச் செலவிட்டார்; நாடிவந்த ஏழைகளுக்கு உதவினார். ஏறத்தாழ இருபது ஆண்டுப் பணிக்காலத்தில் நோய்விடுப்பு எடுக்காதவர், 1929 சனவரியில் வயிற்று அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பெப்ரவரி 3 அன்று, தமது 51ஆம் வயதில் காலமானார்.

நினைவுப் பெயர்கள்

1946இல் பன்னாட்டுத் தொலைபேசி ஆலோசனைக் குழு, தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு எர்லாங் எனப் பெயரிட்டது. ஒரு தடம் இடைவிடாமல் பயன்பாட்டில் இருப்பது 1 எர்லாங் ஆகும்; மேற்கண்ட எடுத்துக்காட்டில் வரும் பளு 10 எர்லாங். 1980களில் எரிக்சன் நிறுவனத்தில் உருவாகி, 1998இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட எர்லாங் நிரலாக்க மொழியும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.